அழுத வீடியோவுக்கு ரெண்டு லட்சம் வியூஸ்... முந்திரிக்கொத்துக்கு ஒன்பது ஆர்டர்!

எல்லோரும் எல்லாவற்றையும் பகிரும் காலத்தில், சின்ன வியாபாரம் கண்ணில் படுவது எப்படி? திருவட்டாற்றில் ஓர் அடுப்படி கற்றுக்கொடுத்த பாடம்.

"எனக்க அழுகையப் பாத்த அவ்வளவு பேரும் எனக்க கொத்தத் தின்னல்லியே மக்களே..."

திருவட்டாற்றில் இருக்கும் என் அத்தை இதைச் சொன்னபோது அவர் கையில் சிறுபயறு மாவு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவர் மகள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். அம்மாவின் பலகார வியாபாரத்தை இன்ஸ்டாகிராமில் தூக்கி நிறுத்திவிடலாம் என்று ஆசையோடு இறங்கியவள் அவள்தான்.

அத்தை பதினோரு வருடமாக வீட்டிலேயே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போடுகிறார். கல்யாண வீடு, வளைகாப்பு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று அக்கம்பக்கத்திலிருந்து ஆர்டர் வரும். விளம்பரம் என்று எதுவும் கிடையாது. ஒரு வீட்டில் தின்றவர் இன்னொரு வீட்டில் சொல்வார், அவ்வளவுதான்.

மகள் பக்கம் தொடங்கியதும் வீடே ஸ்டேட்டஸ் ஆனது. காலையில் பெருமாள் படத்தோடு 'குட் மார்னிங்'. எட்டு மணிக்கு மாவு வறுக்கும் வீடியோ. அப்புறம் பூனை. அப்பாவின் சுகர் டெஸ்ட் ரிசல்ட். அம்மாவின் புதுச் சேலை. மதியம் மீன்குழம்பு. சாயங்காலம் மறுபடியும் கொத்து. ஸ்டேட்டஸைத் திறந்தால் மேலே கோடு தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நானே, சொந்த அத்தை மகளுடையது என்றும் பார்க்காமல், தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஒருநாள் முந்நூறு கொத்து சொல்லியிருந்த ஒரு கல்யாண வீடு, கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டது. வறுத்த பயறும் காய்ச்சிய பாகுமாக அத்தை அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். மகள் அதை வீடியோ எடுத்துப் போட்டாள். இரண்டு நாளில் இரண்டு லட்சம் வியூஸ். அறுநூறு கமென்ட். "அம்மா அழாதீங்க, நாங்க இருக்கோம்" என்று ஊர் ஊராக ஆறுதல்.

ஆர்டர் தருவதாகச் சொன்னவர்கள் நாற்பத்தொரு பேர். பணம் அனுப்பி வாங்கியவர்கள் ஒன்பது பேர்.

நடந்தது அதோடு முடியவில்லை. "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கமென்ட்டில் துப்பறிந்தார்கள். ஊரில் அது யாரென்று தெரியாமலா இருக்கும்? வேண்டாம் என்று சொன்னதற்கு அந்த வீட்டில் ஒரு காரணம் இருந்தது. பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணத்தையே சுருக்கிவிட்டார்கள். வீடியோவைப் பார்த்து அவர்கள் மனம் உடைந்துபோனார்கள். அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. வருடா வருடம் ஆர்டர் தரும் இரண்டு வீடுகள் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டன. 'இவங்களிட்ட சொன்னா நாளைக்கு நம்ம வீட்டு விஷயமும் போன்ல வருமோ' என்ற பயம்தான்.

அத்தை குடும்பத்துக்கு அந்தப் பலகாரக் காசுதான் மகளின் கல்லூரிக் கட்டணம்.

எல்லோரும் பேசினால் யார் கேட்பது?

இது என் அத்தை வீட்டுக் கதை மட்டும் இல்லை. தையல் கடை, மெஸ், மாவு மில், டியூஷன் சென்டர், செடி விற்பவர் என எல்லோருக்கும் இன்று ஒரு பக்கம் இருக்கிறது. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்தியாவில் தடை வந்தது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. கொரோனா ஊரடங்கில் கடை திறக்க முடியாதவர்கள் எல்லாம் போனைத் திறந்தார்கள். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு இன்னும் நிற்கவில்லை.

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1971-லேயே இதைக் கணித்துவிட்டார். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். தகவல் பெருகப் பெருக, அது மனிதர்களின் கவனத்தைத் தின்றுவிடும், கடைசியில் கவனத்துக்குத்தான் பஞ்சம் வரும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஸ்மார்ட்போனே இல்லாத காலத்தில் சொன்னது!

திருவட்டாற்றுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நாள் போதும். 2022 ஜூலை 6. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம். அன்றைக்கு என் போனில் இருந்த அத்தனை ஊர்க்காரர்களின் ஸ்டேட்டஸும் ஒன்றுதான். அதே கோயில், அதே கூட்டம், அதே செல்ஃபி. இருபதுக்கு மேல் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு ஸ்டேட்டஸ் மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு டீக்கடைக்காரர் போட்டது. பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது, வண்டி எங்கே விடலாம், தன் கடையில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, பெரியவர்கள் உட்கார நாற்காலி போட்டிருக்கிறேன் என்று நாலு வரி. படம்கூட இல்லை. அதைத்தான் நான் என் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா இன்னும் நாலு பேருக்கு அனுப்பினார்.

கூட்டத்தில் சத்தம் போட்டவர்கள் கண்ணில் படவில்லை. பார்ப்பவருக்கு உதவியாக ஒன்றைச் சொன்னவர் மனதில் நின்றார்.

தேன் சொல்லும் கதை

திருவட்டாற்றிலிருந்து கொஞ்ச தூரம்தான் மார்த்தாண்டம். 'மார்த்தாண்டம் தேன்' என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். இந்தப் பெயர் எப்படி வந்தது?

1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே ஒரு கிராம முன்னேற்ற மையம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். விவசாயிகளுக்குக் கோழி வளர்ப்பு, நெசவோடு பெட்டியில் தேனீ வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 1930-களில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. தனித்தனியாக விற்றால் யார் தேன் நல்லது, யார் தேனில் சர்க்கரைப் பாகு என்று வாங்குபவருக்குத் தெரியாது. சங்கம் வழியாக வந்தால் ஒரு தரம், ஒரு பெயர், ஒரு பொறுப்பு. இணையமும் ரீல்ஸும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்த நம்பிக்கைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே வருடம் குமரி மாவட்டத்தின் மட்டிப்பழத்துக்கும் கிடைத்தது.

இன்றும் தேன் விற்பவர்கள் ஆயிரம் பேர் ரீல்ஸ் போடுகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நூறு சதவீதம் சுத்தமான தேன்." அதை யார் நம்புவது? வாங்குபவர் மனதில் இருப்பது வேறு கேள்வி. 'பாட்டில் அடியில் கட்டியா உறைஞ்சு கிடக்கே, சர்க்கரை கலந்திருக்கோ?' சுத்தமான தேனும் உறையும் என்பதுதான் உண்மை. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். 'குமரித் தேன்ல பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துல இருந்து வருதாமே, ரப்பர் பூவுல தேனா?' இதுவும் கேட்பார்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன.

இதை ஒரு நிமிடத்தில் காட்டி விளக்கும் தேன் வியாபாரியை நீங்கள் மறப்பீர்களா? அடுத்த முறை தேன் வேண்டுமென்றால் அவர் நினைவுதானே வரும்?

புகழ் வந்தால் போதுமா?

வைரல் ஆவது தப்பில்லை. ஆனால் எது வைரல் ஆகிறது என்பதில் விஷயம் இருக்கிறது.

கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை நாடே அறியும். 2019-ல் அவர் வீடியோ பரவியபோது மக்கள் பார்த்தது விறகு அடுப்பு, ஆட்டுக்கல், ஒரு ரூபாய் விலை. பாட்டி தன் கஷ்டத்தைச் சொல்லி விற்கவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறையட்டும் என்று விலையை ஏற்றாமல் வைத்திருந்தார். தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைக் கவனித்து உதவ முன்வந்தார். 2022 அன்னையர் தினத்தில் அவர் சமைத்துப் பரிமாற வசதியாக ஒரு வீடு வந்து சேர்ந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் யூடியூபில் முதல்முறையாக அந்த எண்ணிக்கை. அவர்கள் வீடியோவில் குடும்பச் சண்டை கிடையாது, கண்ணீர் கிடையாது. பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் வயலில் நின்று சமைப்பார்கள், சமைத்ததைப் பலருக்குப் பரிமாறுவார்கள். ஒன்றையே திருத்தமாகச் செய்தார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. டெல்லி மாளவியா நகரில் 'பாபா கா தாபா' என்ற சிறு சாப்பாட்டுக் கடை. 2020 அக்டோபரில், வியாபாரம் இல்லாமல் அந்த முதியவர் கண்ணீர் விட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. மறுநாளே கூட்டம், கேமரா, நன்கொடை. டிசம்பரில் பெரிதாக ஒரு உணவகமே திறந்தார். வாடகையும் சம்பளமும் வருமானத்தை மிஞ்ச, 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார். அனுதாபத்தில் வந்த கூட்டம் ஒருமுறை வரும். ருசிக்காகவும் வசதிக்காகவும் வருகிறவர்தான் அடுத்த செவ்வாய்க்கிழமையும் வருவார்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அத்தை வீட்டில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தவை இவை. உங்கள் வியாபாரத்துக்கும் பொருந்தும்.

*1. முதலில் அடைக்க வேண்டியதை அடையுங்கள்.* அழுத வீடியோவை அன்றே அழித்தாள் அத்தை மகள். இருவரும் கல்யாண வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். வாங்குபவரின் பெயர், அவர் வீட்டு விசேஷம், குழந்தைகளின் முகம், வீட்டில் யாருக்கு என்ன நோய் ஆகியவை இனி போனில் ஏறாது என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார்கள். கல்யாண வீட்டுப் படம் போட வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

*2. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விதான் உங்கள் வீடியோ.* ஒரு வாரம் வந்த கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். அத்தையிடம் வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்டது: "முந்திரிக்கொத்துன்னு சொல்றீங்க, முந்திரிப்பருப்பு எங்கே?" அதையே வீடியோ ஆக்கினார்கள். வறுத்த சிறுபயறு மாவு, தேங்காய், எள், ஏலம், பாகு. மூன்று மூன்று உருண்டையாக ஒட்டி மாவில் முக்கிப் பொரித்தால் திராட்சைக் கொத்துபோல இருக்கும். மலையாளத்தில் முந்திரி என்றால் இன்றும் திராட்சைதான். முப்பது விநாடி வீடியோ. வியூஸ் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால் அதைப் பார்த்துப் பேசியவர்கள் எல்லோரும் பலகாரத்தைப் பற்றியே பேசினார்கள்.

*3. விலையை மறைக்காதீர்கள்.* "விலைக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க" என்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஒரு படம் போதும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கொத்தின் அளவைக் காட்டுங்கள். விலை, எத்தனை நாள் கெடாது, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பார்சல் உண்டா என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பொருள் பட்டியலை விலையோடு நிரந்தரமாக வைக்கலாம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பட்டியல் மறையாது. வீட்டு நம்பரும் வியாபார நம்பரும் தனித்தனியாக இருந்தால் பூனைக்கும் பலகாரத்துக்கும் குழப்பம் வராது.

*4. தேடுகிறவர் கண்ணில் படுங்கள்.* ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதுபோக்க வந்தவர். 'பக்கத்தில் பலகாரம் எங்கே' என்று கூகுளில் தேடுகிறவர்தான் பணத்தோடு நிற்பவர். கூகுள் மேப்ஸில் கடையைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. சரியான இடம், திறக்கும் நேரம், போன் நம்பர், நாலு நல்ல படம். திருவட்டாறு பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் திற்பரப்பு அருவிக்கும் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அந்த மேப்தான். லீவு என்றால் மேப்பிலும் லீவு என்று போடுங்கள். பூட்டிய கடைக்கு வந்து ஏமாந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

*5. குறைவாகப் போடுங்கள், நாள் தவறாமல் போடுங்கள்.* வாரம் இரண்டு. அதுவும் சொல்ல ஏதாவது இருந்தால். நீங்கள் போடுவதை எல்லாம் உங்களைப் பின்தொடர்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் செயலி காட்டிவிடாது. 2018-லேயே ஃபேஸ்புக், வியாபாரப் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்துவிட்டது. அதனால் உங்கள் குரலைவிட, உங்களிடம் வாங்கியவர் தன் தோழிக்கு அனுப்பும் ஒரு ஃபார்வேர்டுக்குத்தான் பலம் அதிகம்.

*6. காசு கொடுத்துப் பாராட்டு வாங்காதீர்கள்.* 'ஆயிரம் ஃபாலோயர், இத்தனை ரூபாய்' என்று வரும் மெசேஜை நம்ப வேண்டாம். அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் அச்சுமுறுக்கு வாங்கமாட்டார். ஃபுட் ரிவ்யூ செய்கிறவர் பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. புவிசார் குறியீட்டு முத்திரையையும், அதற்கான அங்கீகாரம் பெற்ற பயனாளர்தான் பயன்படுத்தலாம். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடுங்கள். 'நம்பர் ஒன் சுவை' என்று எழுதுவதைவிட அதற்கு மதிப்பு.

*7. கைக்கு அடங்கும் கூட்டத்தை மட்டும் கூப்பிடுங்கள்.* அத்தையால் ஒரு நாளைக்கு இருநூறு கொத்துதான் நன்றாகப் போட முடியும். இருநூறு ஆனதும் 'இந்த வாரம் முடிந்தது' என்று ஸ்டேட்டஸ் வரும். அதற்கு மேல் ஆசைப்பட்டு எண்ணெய் கறுத்துப் பலகாரம் தீய்ந்தால், அது எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவும்.

*8. லைக்கை எண்ணாதீர்கள்.* நோட்டில் இரண்டே கட்டம் போதும். இந்த மாதம் புதிதாக வாங்கியவர் எத்தனை பேர்? இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர்? இரண்டாவது கட்டம் நிரம்பினால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

முதலாளியின் முகம் தெரியக் கூடாதா?

அப்படி இல்லை. யார் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சின்ன வியாபாரத்தை நம்புவார்கள். அத்தையின் முகம் இப்போதும் வீடியோவில் வருகிறது. பாகுப் பதம் பார்க்கும்போது, கொத்தை ஒட்டும்போது வருகிறது. கை தவறி ஒரு தட்டு மாவு கொட்டியபோது அவர் சிரித்ததும் வந்தது. தொழிலைக் காட்டும் முகம் அது. வீட்டுத் துக்கத்தைக் காட்டும் முகம் வீட்டோடு இருக்கட்டும்.

எது போடலாம், எது கூடாது என்று சந்தேகம் வந்தால் அத்தை மகள் இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறாள். "இத நம்ம வாசல்ல வந்து நிக்கிற ஆளிட்ட சொல்லுவமா?" கடைக்கு வந்தவரிடம் அப்பாவின் சுகர் ரிப்போர்ட்டைக் காட்டுவோமா? மாட்டோம். எண்ணெய் புதுசு என்று காட்டுவோமா? காட்டுவோம். அவ்வளவுதான் கணக்கு.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனேன். அடுப்படியில் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. இன்ஸ்டாகிராமில் ஃபாலோயர்கள் குறைந்திருந்தார்கள். அழுகைக்காக வந்தவர்கள் போய்விட்டார்கள் போலிருக்கிறது. நோட்டில் இரண்டாவது கட்டத்தில் பதினேழு பெயர்கள். ஒதுங்கிய இரண்டு வீடுகளில் ஒன்று திரும்பி வந்திருந்தது. இன்னொன்று இன்னும் வரவில்லை.

"அவங்க வருவாங்களா அத்தே?" என்று கேட்டேன்.

"வரட்டு, பைய வரட்டு. நம்ம வாய மூடி வச்சிருந்தா வருவாவ" என்றார் அத்தை, பாகை விரலில் தொட்டுப் பார்த்தபடி.

அத்தை மகள் போனை எடுத்தாள். பாகுக் கம்பி இழுபடுவதை மட்டும் பத்து விநாடி எடுத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாவு உருட்ட உட்கார்ந்தாள்.